சுயகாயமும் மனச்சோர்வும்: டெல்டாவின் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டம் என்ன தருகிறது?

தற்கொலையால் இறக்கும் மாணவர்களை அரசு எண்ணுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் அவ்வாறு இறந்த மாணவர்கள் 13,044 பேர். பால், கல்வித் தகுதி, தொழில், மாநிலம் எனப் பலவாறாகப் பிரித்துக் காட்டும் அந்த அறிக்கை, சாதிவாரியாக மட்டும் பிரித்துக் காட்டுவதில்லை. சாகும் நோக்கமின்றித் தன் உடலைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளோ எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவர்கள் இறப்பதில்லை, பெரும்பாலும் மருத்துவமனைக்கும் போவதில்லை. வகுப்பாசிரியர் கண்ணில் படும்போது அது ‘ஒழுங்கீனம்’ ஆகிறது. வீட்டார் கண்ணில் பட்டால் ‘காதல் விவகாரம்’ ஆகிறது.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் வன்கொடுமை வழக்குகளுக்காகச் செல்லும்போது இத்தகைய பிள்ளைகளை நாம் அடிக்கடி சந்திக்க நேர்கிறது. வழக்கு வேறு எதற்காகவோ இருக்கும். வாக்குமூலம் எழுதும்போது இது வெளிவரும். ஆகவே மருத்துவம் இதைப் பற்றி என்ன சொல்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, சாதி இதில் எங்கே நுழைகிறது என்பதை இங்கே விளக்க முயல்கிறோம்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. நம் நாளிதழ்கள் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு நிலைகளுக்குப் பயன்படுத்துகின்றன. தேர்வுக்கு முந்தைய இரவில் வருவது மன அழுத்தம். தேர்வு முடிந்தால் அது இறங்கிவிடும். மனச்சோர்வு என்பது ஒரு நோய்நிலை. குறைந்தது இரண்டு வாரங்களாவது, ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் நீடிக்கும் துயரம், எதிலும் நாட்டமின்மை, தூக்கத்திலும் பசியிலும் மாற்றம், தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் ஆகியவை அதன் அடையாளங்கள். ‘இரண்டு நாள் போனால் சரியாகிவிடும்’ என்று சொல்லும்போது முன்னதை மனத்தில் வைத்துப் பின்னதற்கு மருந்து சொல்கிறோம்.

பதின்ம வயதினரிடம் மனச்சோர்வு சோகமாகவே தோன்ற வேண்டும் என்பதில்லை. எரிச்சலாக, எடுத்ததற்கெல்லாம் கோபமாக அது வெளிப்படலாம் என்பதை மருத்துவக் கையேடுகளே தனியாகக் குறிப்பிடுகின்றன. நம் கிராமங்களில் அது பெரும்பாலும் உடலின் மொழியில்தான் பேசுகிறது: ஓயாத தலைவலி, வயிற்றுவலி, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுதல். அந்தப் பிள்ளைக்குச் சத்துமாத்திரை தருவார்கள். அதற்கும் குணமாகாவிட்டால் மந்திரிப்பார்கள். சிலர் குணசீலம் வரை அழைத்துப் போவார்கள். இவற்றை ஏளனம் செய்ய நாம் விரும்பவில்லை. தன் பிள்ளைக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று அந்தத் தாய் கண்டுகொண்டாள். பள்ளி அதைக்கூடக் கண்டுகொள்ளவில்லை.

இனிச் சுயகாயம். சாகும் நோக்கமில்லாத சுயகாயம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட தன் ஐந்தாம் கையேட்டில், மேலும் ஆராயப்பட வேண்டிய தனி நிலையாகச் சேர்த்தது. அதற்கு முன் அது பெரும்பாலும் வேறொரு நோயின் அறிகுறியாகவே பார்க்கப்பட்டது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஒரு கணக்கீடு, வளரிளம் பருவத்தினரில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் ஒருமுறையாவது அவ்வாறு செய்துள்ளனர் என்று காட்டியது. பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் அது தொடங்குகிறது. நம்மூரில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மனச்சோர்வுக்கும் இதற்கும் உள்ள உறவு நேர்க்கோடாக இல்லை. காயப்படுத்திக்கொள்ளும் எல்லாருக்கும் மனச்சோர்வு இருப்பதில்லை. மனச்சோர்வுள்ள எல்லாரும் காயப்படுத்திக்கொள்வதுமில்லை. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. சொல்ல வார்த்தையில்லாத துயரமோ, எதையும் உணர முடியாத மரத்துப்போன நிலையோ ஒரு பிள்ளையை அதன்பால் தள்ளுகிறது. கிடைப்பதாகத் தோன்றும் ஆறுதல் மிகச் சொற்பம். பின்னால் வரும் வெட்கமும் குற்ற உணர்வும் மறைக்க வேண்டிய பதற்றமும் மனச்சோர்வை மேலும் ஆழமாக்குகின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 44 பள்ளிகளைச் சேர்ந்த 1,943 பேரைப் பதின்ம வயது முதல் இளமைப் பருவம் வரை பின்தொடர்ந்த ஆய்வு 2012இல் வெளியானது. பதின்ம வயதில் சுமார் 8 விழுக்காட்டினர் தம்மைக் காயப்படுத்திக்கொண்டிருந்தனர்; அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் வளர்ந்த பின் அதை விட்டுவிட்டனர். பதின்ம வயதில் மனச்சோர்வும் பதற்றமும் இருந்தவர்களிடமே அது இளமைப் பருவத்திலும் தொடரும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. ஆகவே ‘வயதுக் கோளாறு, தானே போய்விடும்’ என்பது பாதி உண்மை. விட்டுவிட்டவர்களுக்கும் அடியில் கிடந்த மனச்சோர்வு தானே போய்விட்டது என்று இதற்குப் பொருளில்லை.

இன்னொரு ஆய்வு நமக்கு எச்சரிக்கை தருகிறது. பிரிட்டனில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற 164 வளரிளம் பருவத்தினரை 28 வாரங்கள் கவனித்து 2011இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் சாகும் நோக்கமின்றிக் காயப்படுத்திக்கொண்டவர்களே பின்னாளில் தற்கொலை முயற்சிக்குச் செல்லும் ஆபத்து அதிகமுள்ளவர்களாக இருந்தனர். ‘சும்மா மிரட்டுகிறாள்’, ‘கவனத்தை ஈர்க்கிறான்’ என்று ஒதுக்குபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். பார்க்கப்போனால், கவனம் வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்பதில் குற்றம் என்ன?

இவை வெளிநாட்டுக் கணக்குகள். நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, கணியம்பாடி ஒன்றியத்தில் ஒரு லட்சத்துக்குச் சற்றே அதிகமான கிராம மக்களிடையே பத்தாண்டுகள் நேரடியாகப் பதிவுசெய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் நம்மை உறையவைக்கிறது. 10 முதல் 19 வயதுப் பெண்களிடையே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 148, ஆண்களிடையே 58. உலகின் பல பகுதிகளில் ஆண்களே மிகுதியாக இறக்கும்போது, தமிழகக் கிராமத்தில் இந்த வயதில் அது தலைகீழாக இருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் ஒன்று. அதன்படி 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. பொதுவான மனநலப் பாதிப்புகளுக்கு உள்ளானவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் சிகிச்சையே பெறவில்லை.

இந்த எண்களுக்குள் சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்லும் கணக்கு நம் கையில் இல்லை. ஆனால் அவர்கள் வாழும் சூழலை நாம் அறிவோம். மேட்டூர் திறந்து நடவு தொடங்கினால், தாய்மார் விடியுமுன்பே வயலுக்குப் போய்விடுகிறார்கள். அறுவடை இயந்திரம் வந்த பின் டெல்டாவின் கூலி நாட்கள் சுருங்கிவிட்டன. தந்தை திருப்பூரிலோ கேரளத்திலோ இருக்கிறார். குழுக்கடன் வசூலுக்கு ஆள் வரும் கிழமையில் வீட்டில் யார் இருப்பது என்பதைப் பதினான்கு வயது மூத்த பெண்ணே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவதும் உலை வைப்பதும் அவள்தான். இந்த வயதில் அவளிடம் ‘உனக்கு மனசு எப்படி இருக்கிறது?’ என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

அவள் போகும் பள்ளியில் என்ன இருக்கிறது? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பின்னரே, பள்ளிகளில் சாதி எப்படிப் புழங்குகிறது என்று ஆராய நீதியரசர் கே. சந்துருவின் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கை வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி என்று மாணவர்கள் சாதியை அணிந்துவரும் வழிகளைத் தடைசெய்யக் கோரியது. பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிப் பெயர்களை நீக்கச் சொன்னது. பள்ளி நல அலுவலர் என்ற பணியிடத்தையும் பரிந்துரைத்தது. கயிறுகளைப் பற்றி ஊடகங்கள் நிறையப் பேசின. நல அலுவலரைப் பற்றிப் பேச்சையே காணோம்.

அவமதிப்பு எவ்வாறு மனச்சோர்வாகிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. அடித்தால் அடித்தவன்மீது கோபம் வரும். ஆனால் ஒரு பிள்ளையிடம் ‘உங்களுக்கெல்லாம் எதற்குப் படிப்பு’, ‘உதவித்தொகைக்காக வருகிறவர்கள்’ என்று நாள்தோறும் சொல்லும்போது, திருப்பித் தர வழியற்ற கோபம் உள்ளே திரும்புகிறது. தான் தண்டிக்கப்பட வேண்டியவள் என்று அவளே நம்பத் தொடங்குகிறாள். சுயகாயத்தைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் காரணங்களில் தன்னைத்தானே தண்டித்துக்கொள்ளுதலும் ஒன்று. தீர்ப்பை எழுதியவர்கள் வெளியே இருக்கிறார்கள். அதை நிறைவேற்றும் வேலை மட்டும் பிள்ளையிடம் விடப்பட்டிருக்கிறது.

எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறோம். பத்தாம் வகுப்பு மாணவி. தாய் நடவுக் கூலி. மாணவியின் கையில் காயங்களைக் கண்ட பள்ளி, மற்ற பிள்ளைகளும் கெட்டுவிடுவார்கள் என்று சொல்லி மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளச் சொன்னது. பல மாதங்களாக அவளைச் சாதிப் பெயர் சொல்லிச் சீண்டிய மாணவர்களைப் பற்றி அவள் எழுதிக்கொடுத்த தாள், மேசையறையை விட்டு வெளியே வரவே இல்லை. தாய் எங்களிடம் முதலில் கேட்டது பள்ளியைப் பற்றி அல்ல. “ஆசுபத்திரிக்கு அழைச்சிட்டுப் போனா போலீசு கேசாயிடுமா சார்?” என்றுதான் கேட்டார். அந்த அச்சத்தால் நான்கு மாதங்கள் கடந்திருந்தன.

அந்தக் கேள்விக்கான விடை இந்தக் கட்டுரையைப் படிக்கும் ஒவ்வொரு செயற்பாட்டாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாகும் நோக்கமில்லாத சுயகாயம் இந்தியாவில் ஒருபோதும் குற்றமாக இருந்ததில்லை. குற்றமாக இருந்தது தற்கொலை முயற்சி. பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு. 1994இல் பி. ரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது; 1996இல் கியான் கவுர் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதை மீண்டும் நிலைநிறுத்தியது. பின்னர் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 வந்தது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 115ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கருத வேண்டும். அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 போன்ற பிரிவே இல்லை. அரசு ஊழியர் ஒருவரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வதை மட்டும் அதன் 226ஆம் பிரிவு குற்றமாக வைத்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் ‘ஏ.ஆர்.’ எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவதும் காவல் நிலையத்துக்குத் தகவல் போவதும் நடக்கலாம். அது பதிவு மட்டுமே. பிள்ளைமீது வழக்கு ஆகாது. இதை ஒரு துண்டுத்தாளில் அச்சிட்டுச் சேரிதோறும் கொடுத்தால் நல்லது என்று தோன்றுகிறது.

அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநலச் சேவையை உரிமையாக்குகிறது; வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்குக் கட்டணம் இல்லை. சிகிச்சையில் சாதி காரணமாகப் பாகுபாடு கூடாது என்று 21ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது 17ஆம் பிரிவு. அதற்கு மேல் படிக்கும் பிள்ளையை நோயைக் காரணம் காட்டி வெளியேற்றினால், உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோரலாம்.

நாம் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் ஆயுதம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 2015இல் செய்த திருத்தம் ‘பாதிக்கப்பட்டவர்’ யார் என்று வரையறுத்தது: 2(1)(இசி) பிரிவு. உடல், பொருள் இழப்புகளோடு மனத்துக்கும் உளவியலுக்கும் உணர்வுக்கும் நேர்ந்த ஊறும் அதில் அடங்கும். அவமதித்தலுக்கான 3(1)(ஆர்), சாதிப் பெயர் சொல்லி இழிவுசெய்தலுக்கான 3(1)(எஸ்) பிரிவுகளில் வழக்குப் பதியும்போது, ரத்தக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கும் நாம், மனநல மருத்துவரின் சான்றிதழை வாங்குவதில்லை. அவமதிப்பு பொதுமக்கள் பார்வையில் நடந்ததா என்று நீதிமன்றம் கேட்கும். சக மாணவர் நிறைந்த வகுப்பறை அப்படிப்பட்ட இடமே என்பது எங்கள் வாதம். குற்றம்சாட்டப்பட்டவரும் சிறாராக இருக்கும் வழக்குகளில் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிற்க வேண்டும். அங்கே தண்டனையைவிடப் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பாதுகாப்பையும் படிப்பையும் முதலில் கேட்பதே சரி.

இயக்கத் தோழர்கள் சிலர் இங்கே ஒரு மறுப்பைச் சொல்வார்கள். சாதியின் கொடுமையை நோய் என்று பெயர் மாற்றி, போராட வேண்டியவளை மாத்திரை விழுங்க வைக்கிறீர்களே என்பார்கள். இம்மறுப்பில் நியாயம் உண்டு. ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதற்காகவோ, சமூகத்தின் வழக்கங்களுக்கு இணங்காததற்காகவோ ஒருவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவே எச்சரிக்கிறது. ஆனாலும் ஆலைக் கழிவால் நுரையீரல் கெட்டவருக்கு ஆலையை மூடும்வரை வைத்தியம் பார்க்காமல் இருப்போமா? வழக்கு முடிய ஐந்தாண்டு ஆகும். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் ஐந்தாண்டு எத்தகையது என்று நமக்குத் தெரியும். சிகிச்சை பெற்றுத் தேறிய பிள்ளைதான் சாட்சிக் கூண்டில் நின்று தன் சொல்லைச் சொல்லவும் முடியும்.

கீழ்வெண்மணியின் 44 பேரை ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று நினைவுகூரும் மண் இது. கூட்டாக ஏற்பட்ட காயத்தைப் பேசத் தெரிந்த நமக்கு, தனியாக ஒரு பிள்ளை தாங்கும் காயத்தைப் பேச இன்னும் மொழி பழகவில்லை. பேசத் தொடங்கினாலும் தவறான இடத்தில் பேசுகிறோம். 2022 ஜனவரியில் தஞ்சை மாவட்டத்தில் ஒரு விடுதி மாணவி இறந்தபோது அப்பிள்ளையின் பெயரும் முகமும் மருத்துவமனைக் காணொளியும் நாடு முழுவதும் பரவின. மதுரைக் கிளை ஜனவரி 31 அன்று வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. விவாதம் முழுவதையும் மதமே எடுத்துக்கொண்டது; விடுதிப் பிள்ளைகளின் மனநலம் பேசுபொருளாகவே இல்லை. நம் தரப்பிலும் சிலர் நீதி கேட்கும் ஆர்வத்தில் பிள்ளையின் காயத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவில் குற்றம். சிகிச்சை பெறுபவரின் படத்தையோ தகவலையோ ஒப்புதலின்றி ஊடகத்துக்குத் தருவதை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அத்தகைய படங்கள் அதே நிலையிலுள்ள மற்றப் பிள்ளைகளைத் தூண்டும்.

பிள்ளை ஒன்று நம்மிடம் வாய்திறந்தால் என்ன செய்வது? காயத்தைக் காட்டச் சொல்லக் கூடாது. இனி செய்யமாட்டேன் என்று சத்தியம் வாங்கக் கூடாது. பொறுமையாகக் கேட்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று மட்டும் வாக்களிக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்திருந்தால் நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் கொடுமை வெளிவந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி புகார் தெரிவிப்பது கட்டாயம். இவற்றைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதே நேர்மை.

உடனடி உதவிக்கு டெலிமானஸ் 14416, தமிழக அரசின் 104, சிறார் உதவிக்கு 1098 ஆகிய எண்கள் கட்டணமில்லாதவை. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலத் துறைக்குப் போகலாம். 1996–97இல் நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதன்முதலில் தொடங்கப்பட்ட நான்கு மாவட்டங்களில் நம் பக்கத்துத் திருச்சியும் ஒன்று என்பது பலருக்கு நினைவிருக்காது. சிகிச்சை பலன் தருமா என்ற ஐயமும் வேண்டாம். நார்வேயில் திரும்பத் திரும்பத் தம்மைக் காயப்படுத்திக்கொண்ட 77 வளரிளம் பருவத்தினருக்கு 19 வாரங்கள் சிகிச்சை தந்து ஒப்பிட்டார்கள். உணர்வுகளைக் கையாளப் பழக்கும் தனிப் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களிடம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடச் சுயகாயமும் மனச்சோர்வின் அறிகுறிகளும் கூடுதலாகக் குறைந்திருந்தன. நாம் குறிப்பிட்ட மாணவிக்குத் தேவைப்பட்டது மருத்துவரும், வாரம் ஒருமுறை அவள் பேச்சைக் கேட்க ஓர் ஆற்றுப்படுத்துநரும், பேருந்துக் கட்டணமும், தாய்க்கு அந்த நாளின் கூலியும். கடைசி இரண்டும் எந்தத் திட்டத்திலும் இல்லை.

கல்லூரி மாணவர்கள் கையில் இப்போது ஒரு புதிய கருவி இருக்கிறது. 2025 ஜூலை 25 அன்று சுக்தேப் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் மனநலம் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி 15 நெறிமுறைகளை வகுத்தது. பள்ளி, கல்லூரி, விடுதி, பயிற்சி மையம் அனைத்துக்கும், தனிச் சட்டம் இயற்றப்படும்வரை அவை பொருந்தும். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனத்தில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை பணியாளர்களுக்குப் பயிற்சி வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களிடம் பாகுபாடின்றி நடந்துகொள்ளவும் பணியாளர்களுக்குக் கற்பிக்க வேண்டும். உதவி எண்களை வளாகத்திலும் விடுதியிலும் எல்லாரும் காணும்படி எழுதிவைக்க வேண்டும்.

இது நடந்திருக்கிறதா என்று கேட்கப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய தகவல் உரிமை மனு போதும். முப்பது நாட்களில் பதில் வர வேண்டும். ஒன்றை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கும், மற்றொன்றை மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கும் அனுப்புங்கள். உங்கள் ஒன்றியத்தில் 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள பள்ளிகள், விடுதிகள் எத்தனை, அவற்றில் ஆலோசகர் உள்ளவை எவை, அவர்களின் கல்வித் தகுதி என்ன, கடைசியாகப் பயிற்சி நடந்த தேதி எது, கடந்த மூன்று கல்வியாண்டுகளில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் மாற்றுச் சான்றிதழ் வாங்கி இடையில் நின்ற பட்டியல் சாதி மாணவிகள் எத்தனை பேர் என்று பெயர் கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.